நெல்லிக்குப்பத்துத் துரையைத் தேடி: ஒரு மூதாதையர் டிஎன்ஏ சோதனை பற்றி

நெல்லிக்குப்பத்தில் என் அம்மா பிறந்த வீட்டை வயதானவர்கள் இன்றைக்கும் 'சட்டைக்காரர் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் கலப்பில் பிறந்தவர்களுக்கு ஊர் வைத்த பெயர் அது. வீட்டை விற்று முப்பது வருஷம் ஆகிறது. எங்கள் ஆட்கள் யாரும் அந்தத் தெருவில் இல்லை. பெயர் மட்டும் போகவில்லை.

என் ஆயாவின் அம்மா, அதாவது எனக்குப் பூட்டி, பூனைக்கண்ணும் செம்பட்டை முடியுமாக இருந்தாளாம். சர்க்கரை ஆலையில் மெஷின் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைதான் அவளுடைய அப்பா என்பார்கள். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பூட்டி நடை பழகும் வயதில் அவர் போய்விட்டார். கப்பலேறிப் போனாரா, காய்ச்சலில் போனாரா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கதை உண்டு. ஆயாவிடம் இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். தெருவில் பிள்ளைகள் 'துரை பேத்தி' என்று கூப்பிட்டதை அவள் சாகும்வரை மறக்கவில்லை என்று அம்மா சொல்வாள்.

நான் கடலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ஊர்க் கதையை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொன்ன எனக்கு வீட்டுக் கதை முழுசாகத் தெரியாது என்பது ரொம்ப நாளாக மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்காகத்தான் இந்த டிஎன்ஏ சோதனையை வாங்கினேன். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன். என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்து ஒரு பெயரைக் கெடுப்பது சரியில்லை. தவிர, இந்தத் தொழிலில் இருக்கும் பெரிய கம்பெனிகளின் வேலைமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே நான் சொல்வது எதை வாங்கினாலும் உதவும்.

2023 ஜூலையில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயே ஆர்டர் பண்ணினோம். விலை 79 பவுண்டு, அன்றைய கணக்குக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். பெட்டி ஒரு டிபன் டப்பா அளவுதான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் வாயில் சின்னப் புனல், திருகினால் நீல நிற மருந்து கலக்கிற மூடி, திருப்பி அனுப்ப ஒரு கவர். எச்சில் துப்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குழாயில் ஒரு கோடு இருக்கும், நுரை இல்லாமல் அதுவரைக்கும் நிரப்ப வேண்டும். என் வயதில் வாய் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. மகள் எதிரில் உட்கார்ந்து "எலுமிச்சை ஊறுகாயை நினைச்சுக்கம்மா" என்றாள். பத்து நிமிஷத்தில் கோடு வந்துவிட்டது. பெட்டியில் உள்ள எண்ணை இணையத்தில் பதிவு செய்யாமல் அனுப்பினால் மாதிரி யாருடையது என்றே அவர்களுக்குத் தெரியாமல் போகும், அதை மட்டும் மறக்கக் கூடாது. இந்தப் பகுதிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். எழுபது எண்பது வயதுக்காரர்கூடத் தனியாகச் செய்துவிடலாம்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. அதற்குள் நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குத் திரும்பிவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு போனில் மெயில் வந்தது. 95 சதவீதம் 'தென்னிந்தியா மற்றும் இலங்கை'. 5 சதவீதம் 'இங்கிலாந்து மற்றும் வடமேற்கு ஐரோப்பா'.

சத்தியமாகச் சொல்கிறேன், கை நடுங்கியது. அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது எண்பத்தைந்து. "நெசம்தாம்மா" என்றேன். எது நிஜம் என்று அவள் கேட்கவே இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஆயா பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

கணக்கு எளிது. நம் டிஎன்ஏவில் அப்பா பாதி, அம்மா பாதி. தாத்தா பாட்டிகள் நாலு பேர், ஆளுக்குக் கால் பங்கு. பூட்டன் பூட்டி எட்டுப் பேர். அதற்கும் மேலே பதினாறு பேர். துரை அந்தப் பதினாறில் ஒருவர். சராசரிக்கு அவர் பங்கு 6.25 சதவீதம். எனக்கு 5 வந்தது. அடுத்த வருஷம் என் தம்பி அதே சோதனையைச் செய்தபோது அவனுக்கு 8 வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு எப்படி வித்தியாசம் என்று தம்பி மனைவி கேட்டாள். ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிற மாதிரி டிஎன்ஏ கலைந்துதான் இறங்குகிறது. பெற்றோரிடமிருந்து மட்டும்தான் சரிபாதி நிச்சயம். அதற்கு மேலே இருப்பவர்களின் பங்கு பிள்ளைக்குப் பிள்ளை கூடும், குறையும்.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில கம்பெனிகள் தந்தைவழி, தாய்வழி என்று தனித்தனிச் சோதனை விற்கின்றன. தந்தைவழிச் சோதனை அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்ப்பது. தாய்வழிச் சோதனை அம்மா, அம்மாவின் அம்மா என்று நேர்கோட்டில் போவது. எங்கள் துரைக்குப் பிறந்தது மகள். அவருடைய ஒய் குரோமோசோம் அவளுக்கு இறங்கியிருக்காது. தாய்வழிக் கோடோ அந்த மகளின் அம்மாவான தமிழ்ப் பெண்ணிடம் போய்ச் சேரும். இரண்டிலும் துரை தென்படவே மாட்டார். இது தெரியாமல் தந்தைவழிச் சோதனை வாங்கி, எதுவும் வரவில்லை என்று ஏமாந்த ஒரு குடும்பத்தைப் புதுச்சேரியில் எனக்குத் தெரியும். தேடுகிற ஆள் எந்தக் கிளையில் இருக்கிறார் என்று முதலில் காகிதத்தில் படம் போட்டுப் பாருங்கள். பல கிளையும் கலந்த குடும்பத்துக்கு நான் செய்த பொதுச் சோதனைதான் சரி.

ஒரு வெள்ளைக்காரர் இருந்தாரா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை நேர்மையாகப் பதில் சொன்னது. தென்னிந்திய டிஎன்ஏவும் வடமேற்கு ஐரோப்பிய டிஎன்ஏவும் நன்றாகவே வேறுபட்டவை என்பதால் 5 சதவீதம் என்றாலும் பிரித்துக் காட்ட முடிகிறது. எனக்கு வருத்தம் அதற்கு அடுத்த படியில்தான்.

முடிவு வந்த இரண்டாம் வாரம் கம்பெனியிலிருந்து இன்னொரு மெயில். கூடுதலாக 25 பவுண்டு கட்டினால் 'உங்கள் ஆங்கிலோ-சாக்சன், வைக்கிங் மூதாதையர்' அறிக்கை கிடைக்கும் என்றார்கள். பழைய காலத்தில் கடல் தாண்டி இங்கிலாந்தில் வந்து குடியேறிய கூட்டத்தாரின் பெயர்கள் அவை. கட்டினேன். கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட ஒரு படம், கப்பல் படம், அப்புறம் 'உங்களிடம் 2 சதவீதம் ஆங்கிலோ-சாக்சன்' என்ற ஒரு வரி. அந்த 2 எங்கிருந்து வந்தது, எதோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு தவறலாம் என்று ஒரு சொல் இல்லை. பிள்ளைகள் இப்படி ஒரு விடை எழுதியிருந்தால் 'வழிமுறை எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

உண்மையில் கம்பெனிகள் முதலில் செய்வது என்னவென்றால், ஒரு வட்டாரத்தில் பல தலைமுறையாக இருக்கிற, இன்று உயிரோடு உள்ள மனிதர்களின் டிஎன்ஏவைச் சேர்த்து ஒரு ஒப்பீட்டுத் தொகுப்பு வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் டிஎன்ஏவின் ஒவ்வொரு துண்டும் யாரோடு அதிகம் பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். ஆக, 'இங்கிலாந்து 5 சதவீதம்' என்றால் அந்தத் துண்டுகள் இன்றைய இங்கிலாந்துக்காரர்களோடு பொருந்துகின்றன என்று மட்டும்தான் அர்த்தம். அந்த இன்றைய இங்கிலாந்துக்காரர் யார் என்பது தனிக் கதை. மூதாதையரை விற்கிற கம்பெனி சொல்லியிருக்க வேண்டிய கதை அது. சொல்லாததால் நானே உட்கார்ந்து படித்தேன்.

நான் வகுப்பில் நடத்தியது இது: 410 வாக்கில் ரோமானியர் பிரிட்டனைக் கைவிட்டார்கள், அதன்பின் இன்றைய வடஜெர்மனி, டென்மார்க் பக்கத்திலிருந்து ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் என்ற மூன்று கூட்டத்தார் கடல் தாண்டி வந்தார்கள், பழைய குடிகளை மேற்கே விரட்டினார்கள், வந்தவர்களின் பிள்ளைகள்தான் ஆங்கிலேயர். இந்த மூன்று பெயரையும் வரிசைப்படுத்தி எழுதியவர் பீட் என்ற துறவி, 731-இல். அவர் சொல்லும் வருகைக்கும் அவருக்கும் இடையே கிட்டத்தட்ட முந்நூறு வருஷம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொல்லியலாளர் பலர் இதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். வந்தது கொஞ்சம் போர்வீரர்கள்தான், உள்ளூர்க்காரர்களே உடையையும் மொழியையும் மாற்றிக்கொண்டார்கள் என்றார்கள். வந்தவர்கள் எத்தனை பேர், இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற சண்டை நமக்கும் பழக்கமானதுதான்.

டிஎன்ஏ அந்தச் சண்டைக்குள் வந்த பிறகு இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி தப்பு என்று ஆகியிருக்கிறது. 2022-இல் வந்த பெரிய ஆய்வு ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. வடமேற்கு ஐரோப்பாவில் இடைக்காலத்தில் புதைக்கப்பட்ட 460 பேரின் டிஎன்ஏவை எடுத்தார்கள். அதில் 278 பேர் இங்கிலாந்து மண்ணில் கிடைத்தவர்கள். கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் அந்தக் காலத்து மனிதர்களின் மூதாதையர் பங்கில் 76 சதவீதம் வரை வடகடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது ஜெர்மனி, டென்மார்க் கரைப் பக்கத்திலிருந்து வந்தது. போர்வீரர் மட்டும் வந்தார்கள் என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஆணும் பெண்ணுமாகக் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள்.

ஆனால் இன்றைய இங்கிலாந்துக்காரர்களை அதே அளவுகோலில் பார்த்தால் அந்த வடகடல் பங்கு 25 முதல் 47 சதவீதம்தான். ரோமானியருக்கும் முன்பே பிரிட்டனில் இருந்த இரும்புக்காலக் குடிகளின் பங்கு, இடத்தைப் பொறுத்து, 11 முதல் 57 வரை. மூன்றாவதாக, பிரான்சின் இரும்புக்கால மக்களை ஒத்த ஒரு பங்கு 14 முதல் 43 வரை இருக்கிறது. இந்த மூன்றாவதைப் பீட் சொல்லவில்லை, நானும் வகுப்பில் சொன்னதில்லை. ஒரே படையெடுப்பில் வந்ததாக இல்லாமல், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இருக்கும் ஆங்கிலக் கால்வாயின் இரண்டு கரைக்கும் நடுவே பல நூற்றாண்டு நடந்த போக்குவரத்தில் கலந்தது என்றுதான் அதைப் படிக்க முடிகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் வாழ்கிறவளுக்கு இது ஒரு தனிச் சுவை. கோட்டைக்குக் கோட்டை நம் மண்ணில் சண்டை போட்ட ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ரத்தத்தில் இவ்வளவு நெருங்கிய சொந்தம்.

இதை வைத்து அந்த 2 சதவீதத்தைப் பாருங்கள். என் துரைப் பங்கே 5, அதுவும் மதிப்பீடு. அதில் வடகடல் பங்கு காலா, பாதியா என்பது அவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தது. 2 என்று ஒற்றை எண்ணை அச்சடித்துக் கொடுப்பது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் 25 பவுண்டு வாங்கிக்கொண்டு கொடுக்கத் தக்க பொருள் இல்லை. அந்தக் கூடுதல் அறிக்கையை யாரும் வாங்க வேண்டாம்.

மகள் இருக்கும் கேம்பிரிட்ஜ் பக்கம் இந்தக் கதை காலடியிலேயே கிடக்கிறது. ஹிங்க்ஸ்டன், ஓக்கிங்டன், டிரம்பிங்டன் என்று சுற்றிலும் 'டன்' என முடியும் ஊர்கள். வந்தவர்களின் மொழியில் வேலிகட்டிய பண்ணை என்று அதற்குப் பொருள், நம் குப்பம், பாளையம், பேட்டை மாதிரி. ஹிங்க்ஸ்டனில் மரபணு ஆய்வு வளாகத்தின் மண்ணிலேயே பழைய புதைகுழிகள் கிடைத்தன. ஓக்கிங்டனிலிருந்து எடுத்த நாலு பேரின் டிஎன்ஏவை 2016-இல் வெளியிட்டார்கள். ஒருவர் உள்ளூர் வம்சம், இருவர் வந்த வம்சம், ஒருவர் கலப்பு. நாலு பேரையும் ஒரே வழக்கப்படி ஒரே இடத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அதில் மிகச் செழிப்பான அடக்கம், சிலுவை வடிவப் பெரிய உடை ஊசியோடு கிடந்தது, உள்ளூர் வம்சத்தவருடையது! வந்தவன் ஆண்டான், இருந்தவன் அடிமை என்ற கோட்டில் அந்த ஊர் நிற்கவில்லை. அதே ஆய்வு கிழக்கு இங்கிலாந்தின் இன்றைய மக்களிடம் ஆங்கிலோ-சாக்சன் பங்கு சராசரியாக 38 சதவீதம் என்று கணக்கிட்டது.

மகள் என்னைப் பல்கலைக்கழகத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். 2011-இல் டிரம்பிங்டனில் கட்டிலோடு புதைத்திருந்த ஒரு பெண்ணின் சிலுவை அங்கே இருந்தது. தங்கத்தில் சிவப்புக் கல் பதித்தது, சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. பதினாறு வயசுப் பிள்ளை. ஏழாம் நூற்றாண்டு. அவள் எலும்பைச் சோதித்துப் பார்த்ததில், ஏழு வயதுக்குப் பிறகு ஆல்ப்ஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்தவள் என்று தெரிந்ததாம். அங்கிருந்து நகர எனக்கு மனசு வரவில்லை.

அதைவிட என்னைப் பாதித்தது கென்ட் பகுதியில் அப்டவுன் என்ற இடத்துச் சிறுமி. வயது பத்துப் பதினொன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு சீப்பு, கத்தி, பானையோடு, மற்றவர்களைப் போலவே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவள் டிஎன்ஏவில் மூன்றில் ஒரு பங்கு மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தந்தைவழித் தாத்தாவோ பாட்டியோ அங்கிருந்து வந்தவர். உறவுக்காரர்கள் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். எந்த ஊரிலிருந்து எப்படி அவர் வந்தார், அந்தப் பிள்ளையைத் தெருவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சீப்பு வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரர் பக்கத்தில் கிடத்தியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி ரொம்ப நேரம் என் பூட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கே அடக்கமானாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

பிரிட்டனின் மேற்கே வேல்ஸில் இருக்கும் பழைய குடிகளை 'வெல்ஷ்' என்கிறார்கள். அந்தச் சொல் அவர்களே வைத்துக்கொண்டது இல்லை. வந்தவர்கள் தங்கள் மொழியில் 'அந்நியர்' என்று சொன்ன சொல் அது. சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கு அந்நியர் என்று பெயர் வைத்து அதுவே நிலைத்துவிட்டது. சட்டைக்காரர் என்ற பெயரும் அப்படி அடுத்தவர் வைத்ததுதான்.

சரி, சோதனைக்குத் திரும்புகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய குறை ஒன்று உண்டு. இங்கிலாந்தை டெவன், கார்ன்வால், யார்க்ஷயர் என்று வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். அதற்கு அடிப்படையும் இருக்கிறது. 2015-இல் பிரிட்டன் முழுக்க 2,039 பேரை எடுத்துச் செய்த ஆய்வில், டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் இடையே உள்ள எல்லைகூட டிஎன்ஏவில் தெரிந்தது. தாத்தா பாட்டி நாலு பேரும் ஒருவருக்கொருவர் 80 கிலோமீட்டருக்குள் பிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்துச் செய்தார்கள். அவ்வளவு மெனக்கெட்டதற்குப் பலன் கிடைத்தது. நமக்கோ கன்னியாகுமரியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரே வண்ணத்தில் ஒரு பெரிய வட்டம். என் 95 சதவீதத்தைப் பற்றி அந்த அறிக்கை எனக்குச் சொன்னது ஒன்றும் இல்லை. பதினாறில் பதினைந்து பேர் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிட்டார்கள், ஒருவருக்கு மட்டும் பத்துப் பக்கம். வெள்ளைக்கார வாடிக்கையாளர்களுக்காகக் கட்டிய கடை இது. நம் பெட்டியும் அதே விலைதான், நமக்குக் கிடைக்கும் சரக்கு குறைவு. உங்கள் தமிழ் வேர் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள இதை வாங்கினால் காசு வீண்.

அடுத்து, முடிவு மாறும். 2024-இல் கம்பெனி ஒப்பீட்டுத் தொகுப்பைப் புதுப்பித்தது. என் 5 சதவீதம் '3 இங்கிலாந்து, 2 ஸ்காட்லாந்து' என்று ஆனது. தம்பிக்கு டென்மார்க் 1 சதவீதம் புதிதாக முளைத்தது. நாங்கள் துப்பிய எச்சில் அதேதான். ஐரோப்பா என்ற அளவில் எண் அசையவில்லை. அதற்குள்ளே பிரிப்பதுதான் அசைகிறது. மேலே சொன்ன கலப்பைப் படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இல்லை. வடகடலைச் சுற்றியிருக்கிற சனங்கள் ஆயிரத்தைந்நூறு வருஷமாகக் கலந்தவர்கள், அவர்களை நாட்டு எல்லைப்படி கத்தி வைத்து வெட்ட முடியாது. இதை ஒரு பத்தியில் விளக்கியிருந்தால் போதும். 'உங்கள் முடிவு இன்னும் துல்லியமாகிவிட்டது' என்று மெயில் அனுப்பினார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சோதனையில் காசுக்கு உண்மையான மதிப்பு உறவுப் பட்டியலில்தான் இருக்கிறது. உங்களோடு டிஎன்ஏ துண்டுகள் ஒத்துப்போகும் மற்ற வாடிக்கையாளர்களின் பட்டியல் அது. எனக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தமிழர்கள். நடுவில் ஒரு பெயர், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஒரு பெண்மணி. தூரத்து உறவு, நாலாவது தலைமுறைக் கஸின் முறை இருக்கலாம் என்று போட்டிருந்தது. தம்பி பட்டியலிலும் அவர் இருந்தார். மூன்று நாள் யோசித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினேன். நான் யார், எந்த ஊர், எதற்காகத் தேடுகிறேன், உங்களிடம் எதுவும் கேட்டு வரவில்லை என்று தெளிவாக எழுதினேன். ஐந்து மாதம் பதில் இல்லை. பிறகு வந்தது. அவருக்கு எழுபது வயதாம். தன் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் ஒருவர் மெஷின் வேலைக்கு மதராஸ் பக்கம் போனார், திரும்பவில்லை என்று வீட்டில் பேச்சு உண்டு என்று எழுதியிருந்தார். அவருக்குக் குடும்பம் இருந்தது எங்களுக்குத் தெரியாது, தெரிந்ததில் சந்தோஷம் என்றும் எழுதியிருந்தார்.

அதை வைத்து அவர்தான் இவர் என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. ஆவணம் வேண்டும். இங்கே ஒரு பழைய தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடு பார்க்கக் கேட்டேன். அந்தக் காலத்து ஏடுகள் கரையான் அரித்துப் போய்விட்டன என்றார்கள். ஆனால் மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்களிலிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை அந்தக் காலத்திலேயே லண்டனுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. டிஎன்ஏ சோதனை செய்கிறவர்கள் அதையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பெயர் கிடைக்கும். துரை ஞானஸ்நானம் செய்துவைக்காமல் போயிருந்தால் பூட்டி அதிலும் இருக்க மாட்டாள், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் தேடுகிறேன்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023-இல் ட்வென்ட்டி-த்ரீ-அண்ட்-மீ என்ற பெரிய கம்பெனியில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அதே கம்பெனி திவால் மனு போட்டது. நீங்கள் கொடுப்பது உங்கள் எச்சில் மட்டும் இல்லை. உங்கள் தம்பி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரிடமும் உள்ளதில் ஒரு பங்கு. நான் வாங்கும் முன் வீட்டில் எல்லாரிடமும் கேட்டேன். ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்ற கட்டத்தில் டிக் போடவில்லை. மீதமுள்ள எச்சிலை அழித்துவிடச் சொல்லி எழுதினேன், அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. அந்த வகையில் ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது அந்தத் தலைக்கவச அறிக்கைக்கு, இன்னொன்று தமிழ்நாட்டை ஒரே வட்டத்தில் போட்டு மூடியதற்கு. கடலூர், புதுச்சேரி, நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை பக்கம் எங்கள் மாதிரி கதை உள்ள வீடுகள் நிறைய இருக்கின்றன, எனக்குத் தெரியும். தேவனாம்பட்டினத்தில் 1690-இல் கோட்டையை விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரை எங்கள் எல்லை என்று குறித்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பக்கம் பிறந்த பிள்ளைகளின் கதையைச் சொன்னதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் சோதனை செய்வதென்றால், வீட்டில் உள்ள மூத்தவரை முதலில் செய்யச் சொல்லுங்கள். என்னிடம் 5 இருந்தால் அம்மாவிடம் கிட்டத்தட்ட இரு மடங்கு இருக்கும். ஒரு தலைமுறை போனால் பாதி போச்சு, திரும்பக் கிடைக்காது.

மகள் வருகிற மார்கழியில் வரும்போது அம்மாவின் மாதிரியை எடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். மாதிரியை நாடு விட்டு நாடு அனுப்பும் விதிமுறைகளை முதலில் விசாரிக்கிறாள். அம்மாவிடம் சொன்னேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். குழாயில் எச்சில் துப்பணும் என்றேன். ஊஞ்சலைக் காலால் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அதுல அவரு பேரு வருமா?"

"பேரு வராதும்மா."

"சரி, துப்புறேன். எங்க ஆயாவோட அம்மா பேரு வருமான்னும் கேட்டுச் சொல்லு. அவ பேரும்தான் யாருக்கும் தெரியல."